தருமபுரி, கிருஷ்ணகிரி கோயில்களைக் குனிந்தும் அண்ணாந்தும் பார்ப்போம்

கோட்டைத்தெரு எழுதியது:

தருமபுரிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் ஒகேனக்கல்லுக்கு வழி கேட்பார்கள். தேய்பிறை அஷ்டமி என்றால் அதியமான்கோட்டை காலபைரவரைக் கேட்பார்கள். ஊருக்குள்ளேயே கோட்டைப் பகுதியில் மல்லிகார்ஜுனேசுவரர், கல்யாண காமாட்சி கோயில் இருக்கிறது என்று சொன்னால், "கோபுரம் எவ்வளவு உயரம்?" என்பதுதான் அடுத்த கேள்வி. தஞ்சாவூரையும் மதுரையையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படிக் கேட்கத் தோன்றுவது இயல்பு. நம் இரண்டு மாவட்டத்துப் பழைய கோயில்களில் வேலைப்பாடு முழங்கால் உயரத்தில் இருக்கிறது, அப்புறம் தலைக்கு மேலே விதானத்தில் இருக்கிறது. குனிந்து பார்க்கவும் அண்ணாந்து பார்க்கவும் நேரம் ஒதுக்கினால் இங்கே ஒரு முழு நாள் போதாது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

முதலில் கீழே. கருவறைச் சுவர் தரையிலிருந்து நேராக எழும்புவதில்லை. அதற்கு அடியில் பட்டை பட்டையாக ஓர் அடித்தளம் ஓடும். அதுதான் அதிஷ்டானம். தரையை ஒட்டி இருப்பது உபானம். அதன் மேல் நிமிர்ந்து நிற்கும் அகலமான பட்டை ஜகதி. அடுத்து உருண்டையாகவோ எட்டுப் பட்டையாகவோ வெளியே புடைத்து வருவது குமுதம். பிறகு உள்ளே வாங்கிய கண்டம், அதற்கு மேல் மறுபடி வெளியே நீளும் பட்டிகை. ஒன்று உள்ளே போனால் அடுத்தது வெளியே வரும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் வெயிலும் நிழலும் மாறி மாறி விழுந்து, கனமான கல் கோடு கோடாகப் பிரிந்து தெரிகிறது. அழகுக்கு மட்டும் செய்ததில்லை. மேலே இருக்கும் மொத்தக் கனத்தையும் அகலமாகப் பரப்பித் தரைக்குள் இறக்குவது இந்த அடித்தளம். மழைத்தண்ணீர் சுவர் வழியாக வழிந்து அடியில் தேங்காமல், புடைத்த விளிம்புகளில் சொட்டி விழுவதும் இதனால்தான்.

கோட்டைக் கோயிலில் காமாட்சி அம்மன் சன்னதி உயரமான அடித்தளத்தின் மேல் இருக்கிறது. படியேறி நேராக அம்மனைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்த அடித்தளத்தைச் சுற்றி இராமாயணக் காட்சிகள் சிறு சிறு சிற்பங்களாக ஓடுகின்றன. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் யார் யார் என்று பிடிபடும். காலை வெயில் சாய்வாக விழும்போது போய்ப் பாருங்கள். உச்சி வெயிலில் சிற்பம் தட்டையாகிவிடும்.

இனி மேலே. மல்லிகார்ஜுனேசுவரர் சன்னதிக்கு முன்னே உள்ள மகாமண்டபத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். நடுவில் சிவன், சுற்றிலும் எட்டுத் திசைக் காவலர்கள், ஒவ்வொருவரும் தம் வாகனத்தோடு. ஒவ்வொரு உருவமும் தனித்தனிச் சதுரத்தில். விதானத்தை இப்படி அமைப்பது ஒரு காலத்தில் இங்கே ஆண்ட நுளம்பர் கைவேலையின் அடையாளம். தரையைத் தொடாமல் தொங்கும் தூண்களும் அதே மண்டபத்தில்தான். ஊர்க்காரர்கள் பலருக்கு அந்தத் தூண் தெரியும், தலைக்கு மேலே இருப்பது தெரியாது. அந்த ஆதங்கம் எனக்கு நிறைய உண்டு.

உங்கள் ஊர்க் கோயிலில் இப்படிக் கண்ணில் படாமல் இருப்பதை எழுதுங்கள்.

---

அரூர் மலர் எழுதியது:

நல்ல இழை அண்ணா. ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். கோயிலுக்குப் போவது சாமி கும்பிட. தூணையும் விதானத்தையும் பார்த்துக்கொண்டு நின்றால் மனது எங்கே சாமியிடம் நிற்கும்? கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு வருகிற சிலர் கருவறைப் பக்கம் திரும்பாமலேயே போகிறார்கள். பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

எங்கள் தீர்த்தமலைக்கு வாருங்கள். மலையடிவாரத்தில் ஒரு கோயில், படியேறிப் போனால் மேலே தீர்த்தகிரீசுவரர். அருணகிரிநாதர் பாடிய தலம். மேலே பாறையிலிருந்து ராமர் தீர்த்தம் விழுந்துகொண்டே இருக்கும். அதில் நனைந்துவிட்டு ஈரத்துணியோடு உள்ளே போகும்போது எந்தச் சிற்பமும் நினைவுக்கு வராது.

---

கோட்டைத்தெரு எழுதியது:

மலர் அம்மா, நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. நானும் சாமி கும்பிடத்தான் போகிறேன். தரிசனம் முடிந்ததும் பிரகாரம் சுற்றுகிறோம் அல்லவா? அந்தச் சுற்று எதற்கு? கருவறையின் தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தி, மேற்கில் லிங்கோத்பவரோ திருமாலோ, வடக்கில் பிரம்மா, துர்க்கை என்று கோஷ்டங்களில், அதாவது சுவர் மாடங்களில், வைத்திருக்கிறார்கள். நாம் நடக்க நடக்க ஒவ்வொருவராகப் பார்க்கும்படி அமைத்த கட்டடம் அது. வடக்குப் பக்கம் கோமுகியில் அபிஷேகத் தண்ணீர் இறங்குகிறது, அதைத் தலையில் தெளித்துக்கொள்கிறோம். அந்தக் கோமுகி எந்த மட்டத்தில் வெளியே வருகிறது என்று பாருங்கள். கருவறைத் தரை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது வெளியிலிருந்தே தெரிந்துவிடும். கட்டியவர்களுக்குக் கும்பிடுவதும் கட்டுவதும் ஒரே வேலையாக இருந்திருக்கிறது. கவனித்துப் பார்த்தால் பக்தி குறையாது, கூடும். என் அனுபவம் அப்படி.

உங்கள் தீர்த்தமலையிலேயே பாருங்கள். ராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்கினி என்று ஐந்து தீர்த்தங்கள். பாறையில் ஊறும் நீரை விட்டு விலகாமல், பாறையைக் குடையாமல், அதை ஒட்டியே கோயிலை எழுப்பியிருக்கிறார்கள். அதுவும் கட்டடக்கலைதானே.

---

ஓசூர் பயணி எழுதியது:

தொங்கும் தூண் பற்றி ஒரு சந்தேகம். வீடியோக்களில் ஆளுக்கு ஒரு துண்டை அடியில் விட்டு மறுபக்கம் இழுத்துக் காட்டுகிறார்கள், அதிசயம் என்கிறார்கள். ஆந்திரத்து லேபாட்சிக் கோயிலிலும் இப்படி ஒரு தூண் உண்டு. உண்மையில் அந்தத் தூண் எப்படி நிற்கிறது? மேலே இருக்கிற கூரை ஏன் இறங்கவில்லை? கல் வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

கல்லுளி எழுதியது:

கிருஷ்ணகிரிப் பக்கம் கல் வேலை செய்யும் குடும்பம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தூணைப் பார்க்குமுன் உத்தரத்தைப் பாருங்கள். மண்டபம் என்பது தூண் வரிசைகளின் மேல் குறுக்கும் நெடுக்கும் உத்தரக் கற்களை வைத்து, அவற்றின் மேல் பலகைக் கற்களைப் பரப்பியது. சிமெண்ட் கிடையாது. எல்லாம் கனத்தின் மேல்தான் நிற்கிறது. தூணின் தலையில் முளை வைத்திருப்பார்கள், மேலே வரும் கல்லில் அதற்குக் குழி எடுத்திருப்பார்கள். ஒன்றில் ஒன்று உட்கார்ந்துவிடும். உத்தரம் இரண்டு பக்கமும் வேறு தூண்களில் நன்றாக உட்கார்ந்திருந்தால், நடுவில் ஒரு தூண் தரையைத் தொடாவிட்டாலும் மண்டபம் விழாது. கனம் பக்கத்துத் தூண்களுக்குப் போய்விடும். மேலே பிடித்திருப்பதால் அந்தத் தூண் தொங்கும்.

இதில் எனக்கு வியப்பு எங்கே என்றால், தூண் தரையைத் தொடாமல் இருக்கும்போதும் விலகாமல் நேராக நிற்கிறதே, அங்கேதான். மேலே இணைப்பு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் தூண் சாய்ந்திருக்கும். அவ்வளவு துல்லியமாகக் கல்லைக் கல்லில் பொருத்தியிருக்கிறார்கள். துண்டை இழுத்துப் பார்ப்பவர்கள் தயவுசெய்து தூணைத் தள்ளிப் பார்க்காதீர்கள். சில பேர் தோளைக் கொடுத்து அசைக்கப் பார்ப்பதை நானே கண்டு சத்தம் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. மண்டபத்தில் ஏன் இத்தனை தூண்கள் என்று பலர் கேட்பார்கள். கருங்கல் எவ்வளவு கனத்தையும் தாங்கும், மேலிருந்து அழுத்தினால். ஆனால் நீளக் கல்லை இரண்டு முனையில் நிறுத்தி நடுவில் பாரம் வைத்தால் அடிப்பக்கம் விரிந்து டக்கென்று உடையும். இரும்பு போல வளைந்து கொடுக்காது. அதனால் தூணுக்குத் தூண் இடைவெளியைக் குறைக்க வேண்டியிருக்கிறது. தூணின் தலையில் இரண்டு பக்கமும் கை நீட்டிய மாதிரி ஒரு கல் இருக்கும் பாருங்கள், அது போதிகை. உத்தரத்துக்குக் கீழே கை கொடுத்து, இடைவெளியை இன்னும் கொஞ்சம் குறைக்கிறது. அந்தப் போதிகையைத்தான் ஒவ்வொரு காலத்துக்காரர்களும் ஒவ்வொரு மாதிரி அழகுபடுத்தினார்கள்.

கல்லைத் தேர்ந்தெடுப்பதில் எங்கள் பெரியவர்கள் தட்டிப் பார்ப்பார்கள். மணி மாதிரி கணீரென்று ஒலித்தால் ஆண் கல், அது சாமி சிலைக்கு. ஒலி மெல்லிதாக இருந்தால் பெண் கல், அம்மனுக்கும் பீடத்துக்கும். ஒலியே எழாவிட்டால் தரைக்கும் படிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் ஒலி செத்துவிடும் என்பதால் இது வெறும் நம்பிக்கை இல்லை, சோதனையும்தான். கல் உடைப்பதும் முன்பு உளியால்தான். உடைய வேண்டிய கோட்டில் வரிசையாகக் குழி எடுத்து, ஆப்பு வைத்து, ஒரே சீராக அடித்துக்கொண்டே போனால் கோடு பிடித்துப் பிளக்கும். நம் பகுதிப் பாறைகளில் இப்போதும் பல இடங்களில் அந்தக் குழி வரிசையைப் பார்க்கலாம். அது எந்தக் காலத்தில் யார் அடித்தது என்று எண்ணிக்கொண்டு நின்றுவிடுவேன்.

---

பாலக்கோடு ஆசிரியை எழுதியது:

கல்லுளித் தம்பி எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். இப்படி வேலை தெரிந்தவர்கள் எழுதினால்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் புரிகிறது.

நுளம்பர் யார் என்று இளைஞர்கள் கேட்கலாம். நம் ஊருக்கு அதியமான் நெடுமான் அஞ்சியைத் தெரியும், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததைத் தெரியும். தருமபுரியின் பழைய பெயரான தகடூரையும் அந்த வழியாகவே நினைவு வைத்திருக்கிறோம். அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து இங்கே ஆட்சி செய்தவர்கள் நுளம்பர்கள். அவர்கள் தலைநகர் ஹேமாவதி, இன்றைய ஆந்திரத்தின் அனந்தபூர் பக்கம். 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மகேந்திர நுளம்பன் காலத்தில் தகடூர் அவர்கள் கையில் இருந்தது. அவன் காலத்துக் கல்வெட்டு தருமபுரியிலேயே கிடைத்திருக்கிறது. சமணப் பள்ளிக்குக் கொடை கொடுத்த செய்தியும் அதில் வருகிறது.

ராசராசனின் மெய்க்கீர்த்தியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். "கங்கபாடியும் நுளம்பபாடியும் தடிகைபாடியும்" என்று வரும். அந்த நுளம்பபாடியின் தெற்கு ஓரத்தில்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். வகுப்பில் அந்த வரியை நடத்தும்போது "இது எந்த ஊரோ இல்லை, நம்முடைய ஊர்" என்று சொல்வேன். பிள்ளைகளின் முகம் மாறிவிடும்.

சோழர்கள் நுளம்பர் நாட்டை வென்றபோது அங்கிருந்த தூண்களையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். திருவையாற்றுக் கோயில் வளாகத்தில் அந்தத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. நிலத்தையும் பொன்னையும் கொள்ளை கொள்ளலாம், தூணைச் சுமந்துகொண்டு போக வேண்டுமென்றால் அதன் வேலைப்பாடு வென்றவனையே மயக்கியிருக்க வேண்டும்.

---

கட்டடக்கலை மாணவி எழுதியது:

நான் கிருஷ்ணகிரி. கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு. எங்கள் பாடத்தில் கிரேக்கத் தூண்களுக்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. போதிகை பற்றிக் கல்லுளி அண்ணா சொன்ன ஒரு பத்தியளவு கூட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. போதிகையை வைத்துக் கோயிலின் காலத்தைக் கணிக்கலாம் என்கிறார்களே, எப்படி? விடுமுறையில் நம் மாவட்டக் கோயில்களை வரைந்து ஒரு தொகுப்பு செய்ய ஆசை.

---

கோட்டைத்தெரு எழுதியது:

மகளே, கட்டாயம் செய். உன்னைப் போன்றவர்கள் வரைந்து வைத்தால்தான் மிஞ்சும்.

போதிகையைப் பொறுத்தவரை ஒரு பொதுவான வரிசை இருக்கிறது. பல்லவர், முற்காலச் சோழர் கோயில்களில் அலை அலையாக மடிந்த தரங்கப் போதிகையைப் பார்க்கலாம். நடுவில் ஒரு பட்டை ஓடும். அதற்கு அடுத்த சோழர் காலத்தில் அலைகள் மறைந்து, சாய்வாக வெட்டி நடுவில் ஒரு முகம் நீட்டிக்கொண்டிருக்கும். அது வெட்டுப் போதிகை. பிற்காலத்தில் அந்த நீட்டல் மெல்ல மொட்டாக மாறும். விஜயநகர, நாயக்கர் காலத்தில் அது கீழ்நோக்கித் தொங்கும் பூவாகவே ஆகிவிடும். தாமரை மொட்டு, வாழைப்பூ என்று சொல்வார்கள். ஆகவே ஒரு மண்டபத்தில் தொங்கும் பூவோடு போதிகையும், கருவறையை ஒட்டிய அர்த்த மண்டபத்தில் வெட்டுப் போதிகையும் இருந்தால், முன்மண்டபம் பின்னால் சேர்த்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இது தமிழகத்தின் நடுப்பகுதிக்கு நன்றாகப் பொருந்தும். நம் மாவட்டங்கள் எல்லை. நுளம்பர், கங்கர், சோழர், போசளர் (ஹொய்சளர்), விஜயநகரம் என்று கை மாறிக்கொண்டே வந்த இடம். ஒரே கோயிலில் மூன்று நாட்டுச் சிற்பிகளின் பழக்கம் கலந்திருக்கும். தூணை மட்டும் பார்த்து முடிவு சொல்லாதே. அடித்தளம், சுவர், கபோதம், கல்வெட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பார். கபோதம் என்பது சுவருக்கு மேலே வளைந்து வெளியே நீளும் தாழ்வாரம். மழை நேராகச் சுவரில் அடிக்காமல் காக்கும். அதில் வரிசையாகக் குதிரைக் குளம்பு வடிவில் கூடுகள் இருக்கும். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒரு முகம் எட்டிப் பார்க்கும். அந்த முகங்களை மட்டும் வரைந்தாலே ஒரு நோட்டு நிறையும்.

போசளர் என்றதும் எல்லோரும் கர்நாடகத்துப் பேலூர், ஹளேபீடு என்று ஓடுகிறார்கள். அங்கே மென்மையான மாக்கல், நகைவேலை போல நுணுக்கமாகச் செதுக்கலாம். இங்கே கருங்கல். 13ஆம் நூற்றாண்டில் போசள வீர ராமநாதன் குந்தாணியில் இருந்து ஆண்டான். கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சின்னகொத்தூர்ப் பகுதிதான் அந்தக் குந்தாணி. ஓசூர் சந்திரசூடேசுவரர் மலைக்கோயிலிலும் போசளர் தடம் உண்டு. கல்லின் தன்மைக்கு ஏற்பச் சிற்பியின் கை எப்படி மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க உனக்கு நல்ல பொருள்.

---

கல்லுளி எழுதியது:

அடித்தளம் என்று ஆரம்பித்தீர்கள், அதையே பிடித்துக்கொண்டு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மனது பொறுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பழைய சிவன் கோயில். பெயர் வேண்டாம். கும்பாபிஷேகத்துக்கு முன் பிரகாரம் முழுக்க மண் கொட்டி உயர்த்தி, பளபளவென்று கிரானைட் பலகை போட்டார்கள். உபானம் போயிற்று, ஜகதி போயிற்று, குமுதம் பாதி வெளியே தெரிகிறது. ஜகதியிலும் குமுதத்திலும்தான் கல்வெட்டு வெட்டியிருப்பார்கள், நின்றபடி படிக்க வசதியாக. அந்த எழுத்தெல்லாம் இப்போது தரைக்கு அடியில். எங்கள் மாவட்டத்திலேயே அறுத்துப் பாலீஷ் போட்ட கல்லைக் கொண்டு எங்கள் முன்னோர் செதுக்கிய கல்லை மூடிவிட்டார்கள். அந்த வேலைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

அடித்தளம் புதைந்தால் அழகு மட்டும் கெடவில்லை. குமுதத்தில் சொட்ட வேண்டிய தண்ணீர் இப்போது பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இறங்குகிறது. சில வருடத்தில் கல் இணைப்புகளில் பச்சை பிடிக்கும், உப்புப் பூக்கும், கல்லின் மேல்தோல் உரியும்.

---

திருப்பணி தொண்டன் எழுதியது:

ஐயா, நான் ஒரு கிராமக் கோயில் திருப்பணிக் குழுவில் இருக்கிறேன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். மழைக்காலத்தில் பிரகாரத்தில் முழங்கால் வரை சேறு. வயதானவர்கள் வழுக்கி விழுகிறார்கள். பக்கத்துத் தெருவில் ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது, கோயில் பள்ளத்தில் ஆகிவிட்டது. தண்ணீர் எல்லாம் உள்ளே வருகிறது. உயர்த்தாமல் என்ன செய்வது? உபயதாரர்கள் தரைக்குத்தான் பணம் தருகிறார்கள். "குமுதத்தைக் காப்பாற்றுங்கள்" என்று யாரும் உண்டியலில் போடுவதில்லை. வேலை செய்பவர்களைக் குறை சொல்வது எளிது.

---

கல்லுளி எழுதியது:

தொண்டன் அண்ணா, நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும், நானும் திருப்பணியில் வேலை பார்த்தவன்தான். தெரு உயர்ந்த பிரச்சினை உண்மை, அதற்கு வழி இருக்கிறது. கருவறையைச் சுற்றி மூன்று நான்கு அடி அகலம் விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் பழைய மட்டம் வரைக்கும் மண்ணை எடுத்து, ஓரத்தில் கல் கட்டி, அகழி மாதிரி விட்டு, ஒரு பக்கம் வாட்டம் கொடுத்து வடிகாலுக்குத் தண்ணீரை இழுத்துவிடலாம். அடித்தளம் முழுசாகத் தெரியும், தண்ணீரும் தேங்காது. அதற்கு வெளியே தரையை வேண்டிய அளவு உயர்த்திக்கொள்ளுங்கள். பளபளப்புக் கல் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். உளியால் கொத்திய கல்லைப் போடுங்கள், பெரியவர்களுக்கும் பிடிப்பு இருக்கும்.

சுத்தம் செய்வதற்கு மணலை வேகமாகப் பீய்ச்சுகிற முறையை மட்டும் யாரும் உள்ளே விடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்த்துச் சிற்பத்தின் மூக்கும் விரலும் எழுத்தும் போய்விடும். தண்ணீர், மெல்லிய தூரிகை, பொறுமை, இவை போதும். எனாமல் பெயிண்ட்டும் வேண்டாம். கல்லுக்குள் போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் தோலை உரித்துக்கொண்டு வரும்.

---

திருப்பணி தொண்டன் எழுதியது:

அகழி மாதிரி விடுவது எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. குழுவில் பேசிப் பார்க்கிறேன். வாட்டம் எவ்வளவு, அளவு எப்படி என்று வரைந்து அனுப்ப முடியுமா?

---

கட்டடக்கலை மாணவி எழுதியது:

கல்லுளி அண்ணா அளவு சொன்னால் நான் வரைந்து இங்கேயே போடுகிறேன்.

---

அரூர் மலர் எழுதியது:

விளக்கு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலுக்குப் போன வாரம் போனேன். இந்த இழையைப் படித்ததால் அண்ணாந்து பார்த்தேன். மண்டபக் கூரை முழுவதும் ஓவியம். இராமாயணமும் பாரதமும். ராமர் பட்டாபிஷேகம் என்று நான் நினைத்துப் பார்த்த இடத்தில் கூட்டமாக முகங்கள், ஒவ்வொரு முகத்திலும் கண் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது. சில இடங்களில் சாயம் உதிர்ந்து வெறும் சுண்ணாம்பு தெரிகிறது. பல வருடமாகக் காலபைரவரைக் கும்பிட்டுவிட்டு நேராகப் பஸ் ஏறிக்கொண்டிருந்தேன், பக்கத்திலேயே இது இருந்திருக்கிறது.

அங்கே நின்றபோது நினைத்தேன். ஓவியம் இருக்கிற மண்டபத்துக்குள் விளக்கு ஏற்றினால் புகை மேலேதான் போகும். நெய்யும் எண்ணெயும் எரிகிற கரி அந்த முகங்களில் படியும். விளக்கு ஏற்றுவதை நான் விடமாட்டேன். ஆனால் அதை மண்டபத்துக்கு வெளியே திறந்த இடத்தில் ஏற்றலாம், சாமி கோபிக்க மாட்டார். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் விளக்கு மேடையை வெளியே கொண்டுவந்த பிறகு உள்ளே எண்ணெய் வழுக்கலே இல்லை. பெண்களிடம் எடுத்துச் சொல்ல நான் இருக்கிறேன்.

---

பாலக்கோடு ஆசிரியை எழுதியது:

மலர், நீ சொன்னது என் நெஞ்சுக்கு நிறைவாக இருக்கிறது.

பெரிய கோயில்களைப் பேசும்போது வேடியப்பனையும் மறக்க வேண்டாம். வயல் ஓரத்தில், புளியமரத்தடியில், வில்லும் வாளும் பிடித்த ஒரு வீரனைச் செதுக்கிய கல் நிற்கும். பொங்கலுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுவார்கள். அவை நடுகற்கள். மாடுகளைக் கவர்ந்து போனவர்களோடு சண்டையிட்டு மாடுகளை மீட்டு இறந்தவன், ஊரைக் காக்க விழுந்தவன் என்று அதிலேயே எழுதியிருக்கும். பல கற்களில் எழுத்து வட்டெழுத்து என்ற பழைய எழுத்து முறை. தகடூர்ப் பகுதியைப் போல நடுகல் செறிந்த இடம் தமிழகத்தில் மிகக் குறைவு. தருமபுரி அகழ்வைப்பகத்தில் (தொல்லியல் காட்சிக்கூடம்) பலவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

கூரை இல்லை, சுவர் இல்லை, ஒரே ஒரு கல். சங்கப் பாட்டில் பெயரும் பீடும் எழுதி நட்ட கல் என்று வருகிறதே, அதற்குச் சான்று நம் வயலில் நிற்கிறது. சில இடங்களில் மூன்று பக்கமும் பலகைக் கல் நட்டு மேலே ஒரு கல் மூடி, சிறு அறை போலச் செய்திருப்பார்கள். அந்தச் சிறு கல் அறையையும் காமாட்சி அம்மனின் கருவறையையும் ஒரே நாளில் பார்த்தவர்களுக்கு, கருவறை ஏன் இருட்டாக, சிறியதாக, ஒரே வாசலோடு இருக்கிறது என்று தனியாக யாரும் விளக்க வேண்டியதில்லை.

---

ஓசூர் பயணி எழுதியது:

விடுமுறை நாளில் ஓசூரிலிருந்து காரில் கிளம்புகிறோம், வீட்டில் அப்பா அம்மாவும் வருகிறார்கள். இரவு வீடு திரும்ப வேண்டும். எந்த வரிசையில் பார்க்கலாம்? அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் படி ஏற முடியாது.

---

கோட்டைத்தெரு எழுதியது:

அம்மாவுக்கு ஏறக் கஷ்டம் என்றால் தீர்த்தமலையை இந்தத் தடவை விட்டுவிடுங்கள், அது தனியாக ஒரு நாள் வைத்துப் போக வேண்டிய இடம். விடியற்காலை கிளம்பி நேராகத் தருமபுரிக்கு வந்துவிடுங்கள். கோட்டைக் கோயிலில் அவசரப்படாமல் இருங்கள். முதலில் மல்லிகார்ஜுனேசுவரரைத் தரிசித்துவிட்டு மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள். கழுத்து வலித்தால் குருக்களிடம் கேட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். பிறகு காமாட்சி. அங்கே படி உண்டு. அம்மாவைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டு, அப்பா அடித்தளத்தில் இராமாயணம் பார்க்கட்டும். பக்கத்திலேயே பரவாசுதேவப் பெருமாள் கோயில். ஆதிசேடன் மேல் அமர்ந்த கோலம்.

அங்கிருந்து சேலம் சாலையில் அதியமான்கோட்டை பக்கம்தான். நடை சாத்துவதற்குள் சென்றாயப் பெருமாள் கோயில் ஓவியங்களைப் பார்த்துவிடுங்கள். மதியம் கோயில்கள் மூடியிருக்கும் நேரத்துக்கு அகழ்வைப்பகம் சரியாக இருக்கும், ஆசிரியை அம்மா சொன்ன நடுகற்கள் அங்கே. திரும்பும் வழியில் காவேரிப்பட்டணத்தில் இறங்கிப் பெண்ணேசுவரமடம் போங்கள். தென்பெண்ணைக் கரையில் கோயில், சுவரெல்லாம் கல்வெட்டு, நடுகற்களும் உண்டு. மாலைச் சாய்வெயில் மேற்குச் சுவரில் விழும்போது எழுத்துகள் தெளிவாக எடுத்துக் கொடுக்கும். படிக்க வராவிட்டாலும் விரலால் தடவாதீர்கள், கண்ணால் தொடருங்கள்.

டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். விதானத்துக்கு நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் சிற்பம் எழும்பித் தெரியும். ஓவியத்தில் மட்டும் அதிக நேரம் அடிக்க வேண்டாம், ஃபிளாஷும் வேண்டாம். கருவறைப் பக்கம் படம் எடுக்கக் கூடாது, மற்ற இடங்களில் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். கேட்டால் பெரும்பாலும் குருக்களே கூட வந்து காட்டுவார்.

---

கட்டடக்கலை மாணவி எழுதியது:

தொண்டன் ஐயாவுக்கான வரைபடத்தை முடித்துவிட்டேன். கல்லுளி அண்ணா தந்த அளவுப்படி, கருவறையைச் சுற்றி நான்கு அடி விட்டிருக்கிறேன், வாட்டம் வடகிழக்கு மூலைக்கு. கோமுகித் தண்ணீரும் அதே வழியில் போய்விடும். ஒரு கேள்வி, வடகிழக்கில் உங்கள் கோயிலில் கிணறு இருக்கிறதா?

---

திருப்பணி தொண்டன் எழுதியது:

கிணறு இருக்கிறது அம்மா, பழைய கல் கிணறு. மழைத்தண்ணீரை அதிலேயே விடலாம் என்றால் குழுவில் யாரும் மறுக்க மாட்டார்கள். அபிஷேகத் தண்ணீரை மட்டும் பிரித்து நந்தவனத்துக்கு விட வழி போட்டுக் கொடு.